மேட்டுக்கா, ரோட்டுக்கா?

நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குள் வேனை விட்டு, "டாப் கியரில் இன்ஜின் ரொம்பக் கத்துது, கிரௌன் பினியன் மாத்தலாமுங்களா" என்று கேட்டால் மேஸ்திரி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மேட்டுக்குங்களா, ரோட்டுக்குங்களா?" என்கிறார். லாரிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி அது. முட்டை லாரி, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று பாதித் தொழில் சக்கரத்தின் மேல் நடக்கிற சீமை இது. கியர் விகிதம் என்றால் இங்கே பெட்டிக்கடைக்காரருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

லாரி உலகத்தில் இந்தக் கேள்விக்கு விடை பல் எண்ணிக்கையில் இருக்கிறது. டாட்டா லாரிகளின் பின் ஆக்சிலில் 41/6, 41/7 என்று இரண்டு எண்களைப் பார்க்கலாம். கிரௌன் சக்கரத்தில் 41 பல். அதைத் திருப்பும் பினியனில் 6 அல்லது 7 பல். முதலாவதில், கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் பிராப்பலர் ஷாஃப்ட் 6.83 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. இரண்டாவதில் 5.86 சுற்று போதும். முன்னது இழுவை, பின்னது ஓட்டம். பினியனில் ஒரே ஒரு பல்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று சுமையோடு மேடேறும், மற்றது நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம் பிடிக்கும். எந்தத் தடத்தில் ஓடப்போகிறது என்று தெரிந்து சேஸ் வாங்குகிறவருக்குக் குழப்பமில்லை.

குழப்பம் எங்களைப் போன்றவர்களுக்கு. எனக்கும், இரண்டு வயது மூத்த என் பெரியப்பா மகனுக்கும், ஆளுக்கொரு பழைய டீசல் வேன் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல். உள்ளே இருக்கையைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, 80 லிட்டர் தண்ணீர் டேங்க், மடக்கு மேஜை எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறோம். குடும்பத்தோடு ஏறினால் ஒவ்வொன்றும் 3 டன் வரும். இன்ஜின், பென்ஸ் கம்பெனியின் ஓஎம் 616 வம்சத்து 2.4 லிட்டர் டீசல். டர்போ கிடையாது. சுமார் 70 குதிரைத் திறன். ஜெர்மனியில் இதே இன்ஜினை 207டி வேனில் வைத்து அங்குள்ளவர்களும் நடமாடும் வீடு கட்டி ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். அவசரப்படாத இன்ஜின், எளிதில் சாகாது. ஆனால் நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் நன்றாக இழுக்கும் அதையே 3,300 சுற்றில் மணிக்கணக்காக ஓட்டினால், ஓட்டுகிறவர் காதுதான் முதலில் தேயும்.

எங்கள் வண்டிகளின் நோய் இதுதான். நாலு கியர் பெட்டி, டாப் கியர் நேர் ஓட்டம், அதாவது இன்ஜின் ஒரு சுற்று என்றால் பிராப்பலர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. பின் ஆக்சில் 37/7, அதாவது 5.29. பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை இரட்டை வழியாக இருந்த காலத்தில் மணிக்கு 60 போனாலே பெரிது. அதற்குச் செய்த விகிதம் அது. இப்போது அந்தச் சாலை 44 என்ற எண்ணோடு நாலு வழியாகிவிட்டது. 80 போகாவிட்டால் பின்னால் வரும் ஆம்னி பஸ் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும்.

எண்களை எப்படிப் பிடித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்குக் கையேட்டை நம்பக்கூடாது. முப்பது வருஷத்தில் யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ. முதலில் டயர். சிமெண்ட் தரையில் டயரின் அடிப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஐந்து சுற்றுத் தள்ளி மறுபடி தரையில் கோடு போட்டு டேப்பால் அளந்தோம். 10.75 மீட்டர். ஐந்தால் வகுத்தால் 2.15. டயரின் விளிம்பில் அச்சடித்த அளவைவிட இதுதான் உண்மை, ஏனென்றால் சுமையில் டயர் அமுங்கிய பிறகு வரும் கணக்கு இது. அடுத்து ஆக்சில். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது பிராப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணவேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃப்ரன்ஷியல் கூடு பாதி வேகத்தில்தான் திரும்பும், அதனால்தான் இரண்டு சுற்று. அண்ணன் சக்கரத்தைச் சுற்ற, நான் அடியில் படுத்து ஷாஃப்ட்டின் கிராஸில் போட்ட சாக்பீஸ் கோட்டை எண்ணினேன். ஐந்தும் கால் சுற்றுக்கு ஒரு நூல் அதிகமும்.

கணக்கு எளிது. மணிக்கு 80 என்றால் 2.15 மீட்டர்ச் சக்கரம் நிமிஷத்துக்கு 620 சுற்று வரவேண்டும். அதை 5.29 ஆல் பெருக்கினால் இன்ஜின் சுமார் 3,280. இதைக் குறைக்க இரண்டு வழி. பின்னால் கிரௌன் பினியனை மாற்றுவது ஒன்று. முன்னால் கியர் பெட்டியை மாற்றி ஐந்தாவதாக ஓவர் டிரைவ் கியர் வைப்பது இன்னொன்று. நான் முதல் வழியில் போனேன், அண்ணன் இரண்டாம் வழியில். யோசித்துப் பிரித்துக்கொண்டதல்ல. எனக்குச் சேலத்தில் பழைய ஆக்சில் ஒன்று கிடைத்தது, அவருக்கு நாமக்கல்லில் கியர் பெட்டி ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான்.

என் வண்டிக்கு வந்தது 35/8, அதாவது 4.375. மணிக்கு 80க்கு இன்ஜின் 2,710 சுற்று. அண்ணன் ஆக்சிலைத் தொடவில்லை. அவருடைய ஐந்தாம் கியர் 0.80. அதை 5.29 ஆல் பெருக்கினால் 4.23, இன்ஜின் 2,620 சுற்று. காகிதத்தில் இரண்டு வண்டியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. அண்ணனுக்கு நூறு சுற்று கூடுதல் லாபம்கூட.

வேலை நடந்த விதம் வேறு வேறு. கிரௌன், பினியன் இரண்டும் ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தி ஜோடியாகவே விற்பார்கள். ஒரு ஜோடியின் கிரௌனையும் வேறொரு ஜோடியின் பினியனையும் சேர்த்தால் வண்டி வாழ்நாள் முழுக்க ஊளையிடும். பல் எண்ணிக்கையைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். 41/6, 41/7, 37/7, 35/8 என்று எதை எடுத்தாலும் இரண்டு எண்ணுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இருக்காது. அப்படி இல்லாமல் இருந்தால்தான் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் குவியாது. மேஸ்திரி கிரௌன் பல்லில் நீல மை தடவி, பினியனைச் சுற்றவிட்டு, மை அழிந்த தடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். தடம் பல்லின் நுனியிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் நடுவில் விழவேண்டும். மெல்லிய ஷிம் ஒன்றை எடுப்பார், வேறொன்றைப் போடுவார், மறுபடி மை. ஒரு மத்தியானம் முழுக்க இது நடந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "இத்தினி ஆட்டம் இருக்கோணும். சுத்தமா இல்லீன்னா சூடேறிப் போயிருமுங்க" என்றார். பிறகு 90 ஆயில் ஊற்றி மூடினார். வெளியில் பார்க்க எதுவும் மாறவில்லை. கியர் கம்பி அதே இடத்தில், கிளட்ச் அதே கிளட்ச்.

அண்ணன் வண்டியில் நடந்தது கல்யாண வீட்டு வேலை. பெல் ஹவுசிங் போல்ட் ஓட்டைகள் பொருந்தின, ஆனால் இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் வேறு, அதனால் கிளட்ச் பிளேட் வேறு. பெட்டி நாலு விரற்கடை நீளம் அதிகம், அதனால் பிராப்பலர் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு வைக்கவேண்டி வந்தது. பின் தாங்கும் கிராஸ் மெம்பரை நகர்த்தினார்கள். கியர் கம்பி முன்னைவிடப் பின்னால் வந்து சமையல் மேஜையின் காலில் இடித்தது, மேஜைக்காலை அறுத்தார்கள். வெல்டு வைத்த ஷாஃப்ட்டை ஒரு பட்டறையில் பேலன்ஸ் செய்யாமலே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். 65ஐத் தாண்டினால் உள்ளே தட்டு டம்ளர் எல்லாம் கச்சேரி. மறுபடி கழற்றி பேலன்ஸ் செய்து மாட்டினார். இன்னொரு தவறு நடக்கப் பார்த்தது. டிஃப்ரன்ஷியலுக்கு ஊற்றிய அதே ஆயிலைக் கியர் பெட்டிக்கும் ஊற்றப் போனார்கள். ஹைபாய்டு பல்லுக்கான ஜிஎல்-5 ஆயிலில் உள்ள சேர்மானம், பழைய பெட்டியின் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். பெட்டிக்கு ஜிஎல்-4 தான் சரி. எண் இரண்டுக்கும் 90 என்றே இருப்பதால் வரும் குழப்பம் இது.

செலவிலும் சிரமத்திலும் என் பக்கம்தான் ஜெயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஒரே தடத்தில் ஓட்டிப் பார்க்கும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சேலத்திலிருந்து கிளம்பினோம். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல். சுமார் 50 கிலோமீட்டர். முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். இன்ஜின் சத்தம் அடங்கி டயர் சத்தம் கேட்கத் தொடங்கியது. என் மனைவி முதல்முறையாக வண்டிக்குள் சாதாரணக் குரலில் பேசினாள். ஆனால் ஸ்பீடாமீட்டர் 66க்கு மேல் போகவில்லை, அண்ணனோ 80 போவதாகக் கைகாட்டினார். விஷயம் இதுதான்: ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து வருகிறது. ஆக்சிலில் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. அது காட்டுகிற 60, உண்மையில் 72. கிலோமீட்டர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் வைத்துச் சரிபார்த்த பிறகு, கண்ணாடி மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன். கியர் பெட்டியிலுள்ள சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகுமாம். இன்னும் மாற்றவில்லை. ஸ்டிக்கர் பழகிவிட்டது.

இந்தத் தடம் சமவெளி என்கிற பேச்சையும் கொஞ்சம் சந்தேகிக்கவேண்டும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நிலம் பாயை விரித்ததுபோல் கிடக்கவில்லை. போர்வையை உதறிப் போட்டதுபோல் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். போதாததற்கு ஊருக்கொரு மேம்பாலம். நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஏறுகிற ஒரு நீண்ட மேட்டில் வித்தியாசம் முதன்முதலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் டாப் கியரில் தாக்குப்பிடிக்கவில்லை. அண்ணன் ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கினார். அது அவருடைய பழைய டாப் கியர். 3,280 சுற்றில் கத்திக்கொண்டே 80ஐ விடாமல் ஏறினார். எனக்கு நாலுக்குக் கீழே மூன்றுதான், அதன் விகிதம் 1.35. அதே 80க்கு 3,660 சுற்று. அந்த அலறலைக் கேட்க மனமில்லாமல் டாப்பிலேயே விட்டேன். வண்டி எழுபது, அறுபத்தைந்து என்று கரைந்தது. பின்னால் ஒரு லாரி விளக்கடித்தது. ஐந்து கியரின் அருமை அந்த இடத்தில்தான் இருக்கிறது. வேகம் கூடுவது சின்ன விஷயம். ஒரு படி கீழே இறங்கினால் அந்தப் படி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிது. கிரௌன் பினியனை மாற்றினால் ஏணி முழுவதையும் தூக்கி வேறு இடத்தில் வைக்கிறோம், படிகளின் இடைவெளி அப்படியே இருக்கிறது. கியர் பெட்டியை மாற்றினால் ஏணியின் கால் நகராமல் உச்சியில் ஒரு படி கூடுகிறது.

கொல்லிமலை இதை இன்னும் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20தான். இருந்தாலும் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டையே மலைப்பாதை என்று பெருமை பேசுவோம். 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் இரண்டு மலையும் எங்களுடையதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மலைச்சாலைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வழக்கமான ஏற்றம் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 5 சதவீதம். இந்த ஏற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு வண்டியும் எங்கே பிரிகின்றன என்று துல்லியமாகத் தெரிகிறது. பழைய ஆக்சிலோடு மூன்றாம் கியரில் எங்கள் இன்ஜின் ஏறக்கூடியது சுமார் ஐந்தரை சதவீதம். புது ஆக்சிலோடு அதே மூன்றாம் கியரில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சாலை இருப்பது ஐந்தில். ஆக அண்ணன் மூன்றில் 43 வேகத்தில் நிதானமாக ஏறுகிற நேரான பகுதியில், நான் இரண்டுக்கு இறக்கி அவர் பின்னால் உறுமிக்கொண்டு போனேன். ஆக்சிலில் இரண்டு மூன்று பல் மாறியதில் ஒரு முழுக் கியர் பறிபோயிற்று.

வளைவுகள் வேறு கதை. புதிதாகப் போடும் சாலையில் கொண்டை ஊசி வளைவின் ஏற்றம் 40க்கு ஒன்றுக்குமேல் இருக்கக்கூடாது, உள்வட்ட ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. பழைய மலைப்பாதைகள் விதியைக் கேட்டுப் பிறந்தவையல்ல. வளைவின் உள்பக்கம் பிடித்துத் திரும்பினால் சாலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. எதிரே பஸ் வந்தால் 12 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறோம். அந்த வேகத்தில் இரண்டாம் கியரில் அண்ணன் வண்டி இன்ஜின் 1,080 சுற்று, என்னுடையது 900க்கும் கீழே. டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது ஓடுகிற சுற்றுக்குக் கொஞ்சம்தான் மேலே. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முன்னே போகாமல் உடம்பைக் குலுக்கியது. ஒன்றுக்கு இறக்கினேன். பதினேழாவது வளைவில் ஒரு பஸ் பின்வாங்கித் திருப்புவதற்காக நின்றது, நானும் நின்றேன். மேட்டில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பும்போது கிளட்ச் கருகுகிற வாசனை. அழுகிய முட்டை வாசனை மாதிரி இருக்கும் என்பார்கள். கோழிப்பண்ணை ஊர்க்காரனுக்கு அதில் குழப்பமே வரக்கூடாது, இருந்தும் ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்த்தேன். என் முதல் கியரின் மொத்த விகிதம் 17.5, அண்ணனுடையது 21. கிளட்ச் வழுக்க வேண்டிய நேரம் அந்த அளவுக்குக் கூடுகிறது.

என் வண்டிக்காகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 30ஆவது வளைவுக்குமேல் ஒரு வித்தை பிடிபட்டது. வளைவுக்கு முன்பே ஒன்றாம் கியருக்கு இறக்கிவிட்டால், உயரமான, அதாவது விகிதம் குறைந்த, ஆக்சிலால் அந்தக் கியரிலேயே 25 வரை அலறாமல் போக முடிகிறது. வளைவை முடித்து வண்டியை நிமிர்த்தும்வரை கியர் மாற்ற வேண்டியதில்லை. அண்ணன் ஒன்றாம் கியரில் 20ஐத் தாண்டினால் இன்ஜின் கத்தும், அதனால் வளைவின் நடுவிலேயே ஒன்று, இரண்டு என்று கையாட்டிக்கொண்டிருந்தார். சோளக்காடு வந்து இறங்கியபோது அவருக்குத் தோள் வலி, எனக்குக் கிளட்ச் கவலை. வலி நல்லெண்ணெயில் போய்விடும்.

இறக்கத்தில் தராசு முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது. மேடு ஏறிய கியரில்தான் இறங்கவேண்டும் என்பது இந்தப் பக்கத்து டிரைவர்களின் பால பாடம். இரண்டாம் கியரில் 25 வேகத்தில் இறங்கும்போது அண்ணனின் இன்ஜின் 2,250 சுற்றில் வண்டியைப் பிடித்து நிறுத்தியது. என்னுடையது 1,870. பிடி குறைவு, போதாததற்கு அந்தக் குறைந்த பிடியைச் சக்கரத்துக்குப் பெருக்கிக் கொடுக்கிற விகிதமும் குறைவு. இரண்டும் சேர, வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தேன். அடிவாரத்தில் நிறுத்தி முன்சக்கரத் தட்டின் அருகே கையைக் கொண்டுபோனேன். தொடவேண்டிய அவசியமே இல்லை. அண்ணன் வண்டியில் கையை வைத்தே பார்க்க முடிந்தது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளின் கதை எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். உயரமான ஆக்சில் என்பது ஒவ்வோர் இறக்கத்திலும் அந்த நியூட்ரல் பக்கம் ஓர் அடி எடுத்துவைப்பது மாதிரி.

இந்த ஒப்பீடு எல்லா வேனுக்கும் பொருந்தாது. முன்னே இன்ஜின், பின்னே தனி ஆக்சில் என்று இருக்கிற வண்டியில்தான் இரண்டு வழி உண்டு. பழைய பஜாஜ் டெம்போ மேட்டடாரில் முன்சக்கரம்தான் இழுக்கும்; கியர் பெட்டியும் டிஃப்ரன்ஷியலும் முன்னாலேயே சேர்ந்திருக்கும். பின்னால் மாற்ற ஒன்றுமில்லை. தவிர, மேட்டில் சுமை பின்னால் சாயும்போது முன்சக்கரம் பிடியிழந்து சுற்றுகிற வண்டிக்கு இழுவையைக் கூட்டி என்ன பயன்? வோக்ஸ்வேகன் பஸ்ஸிலோ இரண்டும் பின்னால் ஒரே பெட்டிக்குள். 1950இல் அந்த வண்டி வந்தபோது இன்ஜின் வெறும் 25 குதிரைத் திறன். காரின் கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு மேடேற அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பின்சக்கரங்களின் அருகே ஆளுக்கொரு பல்சக்கர ஜோடியைத் தனியாக வைத்து விகிதத்தைக் கூட்டினார்கள், வண்டியின் வயிறும் அதனால் மேலே தூக்கிக்கொண்டது. 1967 வரை அப்படித்தான் ஓடியது. ஏழைக் குடும்பத்தில் ஒரே சட்டையைப் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் மடித்துத் தைத்துப் போடுகிற சமர்த்து.

எங்கள் பக்கத்து மேஸ்திரிக்கு வோக்ஸ்வேகன் தெரியாது. ஆனால் திரும்பி வந்து நான் குறைகளைச் சொன்னபோது, அவர் சொன்னது அந்தச் சமர்த்துக்குக் குறைந்ததல்ல. "அஞ்சு கியர்னு கேட்டு வாங்காதீங்க. அஞ்சுல ரெண்டு சாதி இருக்குதுங்க."

உண்மைதான். ஒரு சாதியில் நாலாவது நேர் ஓட்டம், ஐந்தாவது ஓவர் டிரைவ். அண்ணன் வாங்கியது அது. இன்னொரு சாதி சரக்கு வண்டிப் பெட்டி. அதில் ஐந்தாவதே நேர் ஓட்டம், கூடுதல் படி அடியில் இருக்கும். முதல் கியர் 4 என்பதற்குப் பதிலாக 5ஐத் தாண்டும். பழைய ஆக்சில் இருக்கிற வண்டிக்கு இது வீண். டாப் கியர் அதேதான், கத்தலும் அதேதான். ஆனால் என் வண்டியில் ஏற்கெனவே 4.375 ஆக்சில் இருக்கிறது. அதோடு முதல் கியர் 5.2 உள்ள பெட்டி சேர்ந்தால் மொத்தம் 22.75. அண்ணனின் 21ஐவிடக் கொல்லிமலைக்கு நல்லது. டாப்பில் 4.375, நெடுஞ்சாலைக்கு நல்லது. படிகளும் ஐந்து, இடைவெளியும் குறையும்.

இதில் இன்னொரு லாபத்தை வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டேன். ஓவர் டிரைவில் சக்தி கியர் பெட்டிக்குள் பல் மாறிப் பல் ஏறி வெளியே வருகிறது. ஒவ்வோர் உரசலிலும் கொஞ்சம் சூடாகப் போகும். நேர் ஓட்டத்தில் உள்ளே போன ஷாஃப்ட்டும் வெளியே வருகிற ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இடையில் இழப்பு மிகக் குறைவு. பிராப்பலர் ஷாஃப்ட்டின் வேகமும் அப்படித்தான். 80இல் அண்ணனின் இன்ஜின் 2,620 சுற்றில் அமைதியாக இருக்கும்போது அடியில் ஷாஃப்ட் 3,280 சுற்றில் சுழன்றுகொண்டிருக்கிறது. சத்தத்தை இன்ஜினிலிருந்து எடுத்துத் தரைக்கு அடியில் ஒளித்து வைத்தாற்போல. வெல்டு வைத்த ஷாஃப்ட் ஏன் அவ்வளவு ஆடியது என்பதும் அப்போது புரிந்தது. என் வண்டியில் ஷாஃப்ட்டும் இன்ஜினும் ஒரே 2,710.

நெடுஞ்சாலையில் நாளெல்லாம் டாப் கியரில் கிடக்கிற வண்டிக்கு உயரமான ஆக்சிலும் ஆழமான முதல் கியரும் சேர்ந்ததே என் தீர்ப்பு. ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் அண்ணன் செய்ததைச் செய்யவேண்டும். நான் செய்ததை மட்டும் செய்து நிறுத்துவது கரூர், மதுரை என்று தெற்கே மட்டும் போகிறவருக்குச் சரி. வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே மலை தெரிகிற ஊரில் அது அரைவேலை. மேஸ்திரியின் கேள்விக்கு "ரெண்டுக்கும்" என்று பதில் சொல்லியிருக்கவேண்டும். நான் "ரோட்டுக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆர்.சி. புத்தகத்தில் கியர் விகிதம் எழுதுவதில்லை, பல்லை யாரும் எண்ணப் போவதில்லை. ஆனால் இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்ட விவரம் அதில் ஏறியாகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. இதை முதலில் முடித்துவிட்டுப் பல்லுக்குப் போவது நல்லது.

போன வாரம் நாமக்கல்லில் ஒரு பழைய பார்ட்ஸ் கடையின் பின்கட்டில், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து பிசினாகிப்போன பெட்டி ஒன்றைக் கடைப்பையன் காட்டினான். "அஞ்சு கியருங்க" என்றான். எந்தச் சாதி என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுப் பயனும் இல்லை. பைக்குள்ளிருந்து சாக்பீஸை எடுத்தேன். முதல் கியரில் போட்டு, பின்முனை ஃபிளேஞ்சில் ஒரு கோடு, முன்முனை ஸ்ப்ளைனில் ஒரு கோடு. முன்னால் நான் திருப்ப, பின்னால் அவன் குந்தி உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... ஐந்தைத் தாண்டி இன்னொரு கால் சுற்றில் "வந்துருச்சுங்க" என்றான். டாப்பில் போட்டேன். நான் ஒரு சுற்று, அவனும் ஒரு சுற்று.

விலையைப் பற்றிப் பேச அவன் முதலாளியைக் கூப்பிடப் போனான். நான் கோட்டை அழித்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றுகொண்டேன்.